இலையுதிர்ந்த ஓக் மரத்துக்குள் இத்தனை ரகசியமா?

இரண்டு மரங்கள். பக்கத்தில் ஒரு கல்லறை. நெப்போலியன் இறந்த பிறகு பல வடிவங்களில் அச்சாகி விற்ற ஒரு சின்னப் படம் இது. முதல் பார்வைக்கு வெறும் இயற்கைக் காட்சிதான். இப்போது மரங்களை விட்டுவிட்டு, இரண்டு அடிமரங்களுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். தொப்பி தெரிகிறதா? மார்பில் கட்டிய கைகள்? அட, நெப்போலியன்! தன் கல்லறையைத் தானே பார்க்க வந்து நிற்கிறார்! அவர் உருவத்துக்கு ஓவியர் தனியாக ஒரு கோடுகூடப் போடவில்லை. மரங்களின் விளிம்புதான் அவரை வரைந்திருக்கிறது.

1821 மே 5-ஆம் தேதி செயின்ட் ஹெலினா தீவில் அவர் இறந்தார். புதைத்த இடத்தில் வில்லோ மரங்கள் நின்றன. கிளைகள் தரையை நோக்கித் தொங்கும் மரம். ஐரோப்பாவில் துக்கம் என்றாலே அதைத்தான் வரைவார்கள். அந்தத் தீவில் இறங்கிய கப்பல் பயணிகள் கல்லறை வில்லோவின் குச்சியை ஒடித்துத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் நட்டார்கள் என்றால் அதன் மகிமையைப் பாருங்கள். பிரான்ஸில் அப்போது பூர்பன் அரச வம்சம் மறுபடி ஆட்சிக்கு வந்திருந்தது. நெப்போலியன் படத்தை வெளிப்படையாக வீட்டில் மாட்டினால் வம்பு. மரத்தின் படத்தை மாட்டினால் யார் என்ன கேட்க முடியும்?

இன்னும் ஒரு படி மேலே போவோம். இந்தத் தந்திரத்தை நெப்போலியனின் ஆதரவாளர்கள் எங்கிருந்து கற்றார்கள் தெரியுமா? எதிர்முகாமிடமிருந்து! 1793 ஜனவரியில் பதினாறாம் லூயியின் தலை கில்லட்டினில் விழுந்தது. அதன்பின் அரச விசுவாசிகள் ஓர் அச்சுப்படத்தை ரகசியமாகக் கைமாற்றிக்கொண்டார்கள். வில்லோ மரத்தடியில் ஒரு கல் தாழி, அவ்வளவுதான் படம். தாழியின் வளைவை உற்றுப் பார்த்தால் மன்னரின் பக்கவாட்டு முகம். எதிர்ப்பக்கம் ராணி மரி அந்துவானெத். தொங்கும் கிளைகளுக்குள் பிள்ளைகளின் முகங்கள். மன்னருக்காக அழுத அதே வில்லோ, முப்பது வருஷம் கழித்து, மன்னர் குடும்பம் அஞ்சிய மனிதருக்காகவும் அழுதது!

கலை வரலாறு ரொமான்டிக் என்றும் நம் விமர்சகர்கள் கற்பனாவாதம் என்றும் அழைக்கும் அந்தக் காலத்தில், ஏறக்குறைய 1780 முதல் 1860 வரை, நிலக்காட்சிப் படங்களில் மரம் சும்மா நிற்பதே இல்லை. வாய் திறந்து சொல்ல முடியாததை அது சொல்கிறது. பக்தி, அரசியல், காதல், சாவு பயம், நாட்டின் தோல்வி எல்லாம் அதன் கிளையில் ஏறிக்கொள்கின்றன. எண்ணெய் ஓவியம் ஒரு பிரபுவின் மாளிகையோடு நின்றுவிடும். அச்சுப்படம் நூற்றுக்கணக்கில் பிரதியாகிக் கடைத்தெருவுக்கு வரும், தபாலில் போகும், சாதாரண வீட்டுச் சுவரில் ஏறும். இந்த மரங்கள் ஐரோப்பா முழுக்கப் பரவியது அப்படித்தான்.

ஒரு மரவரிசை ஊர்விட்டு ஊர் போன கதையைக் கேளுங்கள். தத்துவ அறிஞர் ழான் ழாக் ரூஸோ 1778 ஜூலை 2-ஆம் தேதி எர்மெனோன்வில் என்ற இடத்தில் இறந்தார். அங்கே ஏரி நடுவே ஒரு சின்னத் தீவு. அதைச் சுற்றி நெடுநெடுவென்று பாப்லர் மரங்கள். நடுவில் அவரைப் புதைத்தார்கள். அதே வருஷமே மொரோ என்ற செதுக்குக் கலைஞர் அந்தத் தீவை அச்சுப்படமாக்கினார். அவ்வளவுதான், பாப்லர் வட்டம் என்றாலே ரூஸோ என்றாகிவிட்டது. 1782-இல் ஜெர்மனியில் அன்ஹால்ட்-டெஸ்ஸாவ் இளவரசர், வோர்லிட்ஸ் என்ற தன் பூங்காவில் ஏரி நடுவே பாப்லர் நட்டு ஒரு ரூஸோ தீவையே செய்துவிட்டார்! பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1794-இல் ரூஸோவின் எலும்புகளை எடுத்துப் பாரிஸின் பாந்தியோன் நினைவாலயத்தில் வைத்தார்கள். உடல் போனது, தீவு நின்றது. படங்களில் அவர் இன்றும் பாப்லர்களுக்கு நடுவேதான் உறங்குகிறார்.

வோர்லிட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த டெஸ்ஸாவ் ஊரில்தான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த மனிதர் வாழ்ந்தார்: கார்ல் வில்ஹெல்ம் கோல்பே (1759–1835). ஊர் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? ‘ஓக் கோல்பே’! பிரெஞ்சு வாத்தியார், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளின் சொல்வளத்தை ஒப்பிட்டு நூல் எழுதிய பண்டிதர். முப்பது வயதை ஒட்டித்தான் முறையாகக் கலை படிக்கப் போனார். போனவர் மரத்தைத் தவிர வேறு எதிலும் மனம் வைக்கவில்லை. தன்னைக் கலைஞனாக்கியவை மரங்கள்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 300 செப்புத்தகடுகள். அவற்றில் ஓக், ஓக், இன்னும் ஓக்!

செப்புத்தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் முக்கினால் கீறிய இடம் மட்டும் அரித்துக் குழியாகும். அந்தக் குழியில் மை தங்கும். எச்சிங் என்ற இந்த முறையில் கோல்பே செய்ததை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பட்டையின் ஒவ்வொரு வெடிப்புக்கும் தனிக் கோடு. காய்ந்துபோன ஓக் ஒன்றில் முறிந்த கிளைகள் கை, கால், கொம்பு, திறந்த வாய் என்று மாறி, மரமா மிருகமா என்று தடுமாற வைக்கின்றன. செத்த மரம்தான் அவரிடம் ஆக அதிக உயிரோடு இருக்கிறது.

அவருடைய 1801-ஆம் வருஷத்துப் படம் ஒன்று இதற்கெல்லாம் மேலே. ‘நானும் ஆர்க்கேடியாவில் இருந்தேன்’ என்பது அதன் பெயர். ஆர்க்கேடியா என்றால் துன்பமே இல்லாத பழங்காலக் கனவு தேசம். அணைத்தபடி ஒரு ஆணும் பெண்ணும் ஒரு கல்லறையின் முன் நிற்கிறார்கள். இந்த இன்பலோகத்திலும் சாவு உண்டு என்பது அந்தக் கல்லறை சொல்லும் சேதி. ஆனால் பார்ப்பவர் கண் அந்த ஜோடியிடம் போகவே போகாது. காரணம், அவர்களைச் சுற்றி இருக்கும் இலைகள்! ஓரத்துச் சதுப்பில் முழங்கால் உயரம் வளர வேண்டிய செடிகள் மனிதர்களை விழுங்கும் அளவுக்கு விரிந்திருக்கின்றன. கீரைப் பாத்திக்குள் போன எறும்பின் கண்ணால் உலகைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. செடிகளின் உலகத்தில் மனிதக் காதலும் மனிதச் சாவும் எவ்வளவு சின்னவை என்று சொல்ல இதைவிட வழி இருக்கிறதா? கோல்பேயின் பெயர் உலகத்துக்குப் பெரிதாகத் தெரியாமல் போனது அநியாயம் என்றே சொல்வேன்.

உலகத்துக்குத் தெரிந்த பெயர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் (1774–1840). பனிமூட்டத்தின் மேல் முதுகைக் காட்டி நிற்கும் மனிதரை வரைந்தவர். அவர் மரச்செதுக்கு அச்சுப்படங்களுக்கும் வரைந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1803-ஐ ஒட்டி அவர் வரைந்து கொடுக்க, தச்சு வேலை செய்த அவர் சகோதரர் கிறிஸ்டியன் பலகையில் செதுக்கினார். அவற்றில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். படமே கையகலத்துக்குக் கொஞ்சம் மேல்தான். மொட்டை மரங்கள் இரண்டு. நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், தலை கையில் சாய்ந்திருக்கிறது. காலடியைச் சுற்றி முட்செடிகளும் களைகளும். கிளைக்குக் கிளை, மிகத் துல்லியமாக, ஒரு சிலந்திவலை! ஒரு இலைகூட இல்லாத மரத்தில் புதிதாக வந்து சேர்ந்தது வலை மட்டும்தான். காலம் ஓடவில்லை, அவள் அசையவில்லை என்பதை இந்த வலை ஒன்றே சொல்லிவிடுகிறது. இதே வரிசையில் இன்னொரு படத்தில் ஒரு பெண் பாதாளத்தின் விளிம்பில் நிற்கிறாள். துணைக்கு இருப்பது ஓர் அண்டங்காக்கை.

ஏன் இத்தனை சோகம்? 1787-இல், பதின்மூன்று வயதில், அவர் கண்ணெதிரே தம்பி பனிக்கட்டி உடைந்த நீரில் மூழ்கி இறந்தான். அண்ணனைக் காப்பாற்றப் போய்த்தான் போனான் என்று சொல்வார்கள். சாவு அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயமில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் மரங்களுக்குள் ஒரு முழு வேதாந்தமே இருக்கிறது. மலை உச்சிச் சிலுவையைச் சுற்றி அவர் வரைந்த ஃபிர் மரங்களுக்கு அவரே விளக்கம் தந்தார்: எல்லாப் பருவத்திலும் பசுமை மாறாத அவை, கிறிஸ்துவின்மேல் மனிதர் வைத்த நம்பிக்கை. ஓக் அதற்கு நேர் எதிர். பனியில் உறைந்த, கிளை முறிந்த ஓக் மரங்களைப் பழைய புறச்சமய வீரயுகம் என்று கலை அறிஞர்கள் பலர் வாசிக்கிறார்கள்.

ஒரு தகவல் கேளுங்கள், அவர் படங்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும். ஃப்ரீட்ரிஷ் காட்டுக்குப் போய் நிஜ மரங்களைப் பார்த்து வரைந்து தேதி போட்டு வைத்துக்கொள்வார். பிறகு வருஷக்கணக்கில் அதே மரத்தையே வெவ்வேறு ஓவியங்களுக்குள் கொண்டுவருவார். ஒரு படத்தில் பாழடைந்த மடத்தின் முன் நிற்கும் ஓக், இன்னொரு படத்தில் ஆதிகாலக் கல்லறையைக் காவல் காக்கும்! 1814-இல் அவர் வரைந்த ஓவியத்தில் ஒரு பிரெஞ்சுக் குதிரைப்படை வீரன், குதிரையில்லாமல், பனி மூடிய ஃபிர் காட்டுக்குள் தனியாக நடந்து போகிறான். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் காக்கை. படையெடுத்து வந்தவனை விழுங்குவது ஜெர்மானியப் படையில்லை, ஜெர்மானியக் காடு!

மரம் படை திரட்டிய காலம் அது. 1806-இல் நெப்போலியனிடம் ஜெர்மானிய நாடான பிரஷ்யா மண்ணைக் கவ்வியது. 1810-இல், நாடு அவர் பிடியில் இருக்கும்போது, கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஷிங்கெல் என்ற இளம் கட்டடக் கலைஞர் பெர்லினில் ஒரு கல்லச்சுப் படம் செய்தார். கல்லச்சு அப்போது புத்தம்புதுத் தொழில்நுட்பம். அலோய்ஸ் செனஃபெல்டர் அதைக் கண்டுபிடித்து பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் புதுத் தொழில்நுட்பத்தில் ஷிங்கெல் வரைந்தது என்ன? நூற்றாண்டுகள் கண்ட ஓக் மரங்கள், கீழே கல்லறைகள், பின்னால் கோதிக் தேவாலயம். தேவாலயத்தைப் பாதி மறைத்துக்கொண்டு ஓக்தான் முன்னால் நிற்கிறது. வழிபாட்டின் ஓசை காதில் விழும்போது நெஞ்சை நிறைக்கும் ஏக்கத்தைச் சொல்ல முயன்றேன் என்று படத்தின் அடியிலேயே எழுதியும் வைத்தார். மூன்று வருஷம் கழித்து, 1813-இல், பிரஷ்ய மன்னர் போர்வீரர்களுக்காக இரும்புச் சிலுவைப் பதக்கம் ஏற்படுத்தினார். அதை வடிவமைத்தவர் யார்? இதே ஷிங்கெல். பதக்கத்தின் நடுவே என்ன இருந்தது? ஓக் இலைகள்!

கோதிக் தேவாலயமும் காடும் ஏன் சேர்ந்தே வருகின்றன? உயர்ந்த தூண்களும் மேலே கூடும் வளைவுகளும் மரங்கள் கிளை கோத்து நிற்பதைப் பார்த்துப் பிறந்தவை என்று அன்று பலர் நம்பினார்கள். நம்பினால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? ஸ்காட்லாந்தில் சர் ஜேம்ஸ் ஹால் என்ற நிலவியல் அறிஞர் 1792-இல் காரியத்தில் இறங்கிவிட்டார். ஆஷ் மரக் கம்பங்களை நட்டார். வளையும் வில்லோக் குச்சிகளை அவற்றோடு சேர்த்துக் கட்டி மேலே வளைத்து முடிச்சுப் போட்டார். ஒரு குட்டிக் கோதிக் தேவாலயம் எழுந்து நின்றது. அடுத்த வசந்தத்தில் நடந்ததுதான் அற்புதம். குச்சிகளில் சில வேர் பிடித்துத் துளிர்த்துவிட்டன! 1813-இல் வெளியான அவர் நூலின் செதுக்குப் படங்களில் அந்த உயிருள்ள தேவாலயத்தை இன்றும் பார்க்கலாம். கோதிக் கட்டடம் அப்படிப் பிறக்கவில்லை என்பது வேறு விஷயம். ஒரு கருத்துக்காகக் காட்டையே வளைத்துக் கட்டிய அந்த ஆர்வத்தை எப்படிப் பாராட்டாமல் இருப்பது!

மரத்தின் படம் மரத்திலேயே பிறந்தது தெரியுமா? இங்கிலாந்தின் நியூகாசிலில் தாமஸ் பெவிக் (1753–1828) பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்த முகப்பில் செதுக்கினார். நீளவாட்டுப் பலகையில் இழை குறுக்கிடும், கத்தி வழுக்கும். குறுக்கு முகப்பில் அந்தத் தொல்லை இல்லை. உலோகத்தில் போடுவதுபோல் நுண்ணிய கோடு போடலாம். பாக்ஸ் மெதுவாக வளரும் மரம், அடிமரமும் மெலிது. அதனால்தான் இந்தப் படங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னதாக இருக்கின்றன. படத்தின் அளவை முடிவு செய்தது ஒரு மரத்தின் சுற்றளவு!

அந்தக் குட்டி அளவில் ஒரு மேதை என்ன செய்தார் பாருங்கள். வில்லியம் பிளேக், 1821. ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஆயர் கவிதைகளுக்கு மருத்துவர் தார்ன்டன் வெளியிட்ட பள்ளிப் பதிப்புக்காக 17 மரச்செதுக்குகள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இடம்தான் அடைக்கும். பதிப்பாளருக்குப் பிடிக்கவே இல்லை, முரடாக இருக்கிறதாம்! மற்ற ஓவியர்கள் எடுத்துச் சொன்ன பிறகு, சமாதானக் குறிப்பு ஒன்றோடுதான் அச்சிட்டார். பக்கத்தில் பொருந்துவதற்காகப் படங்களின் ஓரங்களை அறுத்தும் விட்டார்கள். இருந்தும் அதில் ஒரு படத்தைப் பார்த்தவர் மறக்க மாட்டார்: புயலில் அடிபட்ட ஒற்றை மரம், அதன் கீழே தரையோடு படுத்துவிட்ட பயிர். கறுப்புப் பரப்பில் சில வெள்ளைக் கீறல்கள்தான். காற்றின் சத்தமே கேட்கிறது. சிறுவயதில் லண்டன் பெக்கம் ரை வெளியில் மரம் நிறையத் தேவதைகளைக் கண்டதாகச் சொன்ன மனிதர் அவர். மரம் அவருக்கு வெறும் பச்சைப் பொருளாக என்றைக்கும் இருந்ததில்லை. அந்த 17 கட்டைகளும் பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அந்தச் சின்னப் படங்களைப் பார்த்துச் சொக்கிப்போனவர் சாமுவேல் பால்மர் (1805–1881). முதிய பிளேக்கை நேரில் போய்ப் பார்த்த இளைஞர். தன் நாற்பதுகளில்தான் செப்புத்தகட்டைக் கையில் எடுத்தார். முதலில் செய்தது என்ன? ஒரு வில்லோ மரம்! 1850-இல் எச்சிங் கலைஞர்களின் சங்கத்தில் சேர அதுதான் அவருடைய நுழைவுச்சீட்டு. வாழ்நாளில் அவர் முடித்த தகடுகள் ஒரு டஜனை ஒட்டித்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் இலைகளுக்குள் நிலா, இலைகளுக்குள் அந்திவெயில். இருட்டுக்கு நடுவே காகிதத்தின் வெண்மையை மிச்சம் பிடித்துப் பிடித்து அவர் செய்த ஒளி அது. அவருடைய இளமைக்கால ஓவியங்கள் பலவற்றை 1909-இல் சொந்த மகனே எரித்துவிட்டார் என்று படிக்கும்போது வயிறு எரிகிறது.

இங்கிலாந்தில் மரத்துக்கும் அரசியல் உண்டு. 1794-இல் ரிச்சர்ட் பெய்ன் நைட் என்பவர் தன் நூலில் ஒரே இடத்தை இரண்டு அச்சுப்படங்களாகக் காட்டினார். ஒன்றில் மழித்துவிட்ட புல்வெளி, ஒழுங்காக வளையும் நீரோடை. மற்றதில் அதே இடம் காடாக வளர்ந்து, கிளை முறிந்து, புதர் மண்டிக் கிடக்கிறது. இரண்டாவதுதான் அழகு என்றார் நைட். பிரெஞ்சுப் புரட்சி கொந்தளித்த நேரம். மரத்தை அதன் இஷ்டத்துக்கு விடச் சொன்னவரிடம் புரட்சிக்காரனின் வாடையைக் கண்டார்கள் சிலர்! அதற்கு முன்பே, 1791-இல், வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் காட்டின் அழகைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதி, பாசி, பொந்து, பட்டுப்போன உச்சி எல்லாம் மரத்துக்கு அணிகலன் என்று வாதாடியிருந்தார்.

இந்த ரசனை நம் ஊர்வரை வந்தது. ஓவியர் தாமஸ் டானியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டானியல் இருவரும் 1792–93-இல் திருச்சி, மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரம் என்று சுற்றி வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியான அவர்களின் 144 அக்வாடின்ட் முறை அச்சுப்படங்களில் திருநெல்வேலிச் சீமையின் பாபநாசம் அருவியும் இருக்கிறது, கயாவின் புனித மரமும் இருக்கிறது. கயா மரத்தின் படத்தில் கோயில் அல்ல, மரமே கதாநாயகன்; ஓக்கைப் பார்த்துப் பழகிய கண் நம் மரத்தின் முன் பிரமித்து நிற்பதைக் கோட்டுக்குக் கோடு உணரலாம்.

இப்போது ஒரு கொலைக் கதை. ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிளுக்கு ஆஷ் மரம் என்றால் உயிர். அழகான மரத்தைக் கண்டால், குழந்தையை வாரி அணைக்கும் பரவசம் அவர் முகத்தில் தெரியும் என்று நண்பர் லெஸ்லி எழுதியிருக்கிறார். 1836-இல் ஹாம்ஸ்டெட்டில் உரையாற்றும்போது அவர் ஓர் ஆஷ் மரத்தின் சித்திரத்தைக் கூட்டத்துக்குக் காட்டினார். ஊர் நுழைவாயிலில் நின்ற இந்த இளம்பெண்ணை உங்களில் பலருக்கு நினைவிருக்கும் என்ற பொருளில் தொடங்கினார். ஆம், பெண் என்றுதான் சொன்னார்! அவள் முழு அழகோடு இருந்தபோது வரைந்தாராம். பிறகு ஒருநாள் அந்த வழியே போனால், அவள் விலாவில் நீள ஆணிகள் இரண்டை அடித்து ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். நாடோடிகள் மீதும் பிச்சைக்காரர்கள் மீதும் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் எச்சரிக்கை. அந்த அவமானம் தாங்காமல் அப்போதே உச்சிக் கிளைகள் வாடத் தொடங்கிவிட்டன என்றார். அடுத்த வருஷம் ஒரு பாதிக்கு வாதம் வந்தது, பிறகு மறுபாதிக்கும். கடைசியில் வெட்டினார்கள். எந்த அளவுக்கு? பலகையைத் தாங்கும் உயரத்துக்கு மட்டும் கட்டையை விட்டுவைத்தார்கள்! ஏழையை விரட்டும் பலகைக்காக ஒரு மரம் செத்தது என்று ஓர் ஓவியர் மேடையேறி அழுதிருக்கிறார். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு அவர் வரைந்த எந்த மரத்தையும் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

அவர் ஓவியங்களை அச்சுக்குக் கொண்டுவந்தவர் டேவிட் லூகாஸ்; முறை மெசோடின்ட். தகடு முழுவதையும் பற்கள் கொண்ட கருவியால் கொத்தி முதலில் கன்னங்கரேலென்று ஆக்கிவிடுவார்கள். பிறகு சுரண்டச் சுரண்ட வெளிச்சம் வரும். இருட்டிலிருந்து மரம் எழுந்து வரும்! 1830 முதல் 1832 வரை 22 தகடுகள் வெளிவந்தன. கான்ஸ்டபிளுக்குக் கையைச் சுட்டதுதான் மிச்சம், வாங்கியவர்கள் மிகச் சிலரே. லூகாஸ் 1881-இல் ஓர் ஏழைகள் விடுதியில் இறந்தார். இன்று அந்தத் தகடுகளின் நல்ல பிரதிகளைப் பெரிய அருங்காட்சியகங்கள் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன.

மரம் எப்போதும் நல்ல சேதியா சொல்லும்? ஸ்பெயின் ஓவியர் கோயா, நெப்போலியன் படையெடுப்பைப் பார்த்துச் செய்த ‘போரின் பேரழிவுகள்’ வரிசையில் 39-ஆவது படத்தில் ஒரு மரம் இருக்கிறது. அதில் கட்டியிருப்பவை சிதைத்த மனித உடல்கள். அதற்குப் பின்னால் துளிர்க்கும் இலைகளையும் அவர் விடாமல் வரைந்திருப்பதுதான் நடுங்க வைக்கிறது. 80 தகடுகள் கொண்ட அந்தத் தொகுப்பு அச்சானது 1863-இல். கோயா இறந்து 35 வருஷம் கழித்து.

பிரான்ஸின் ரோடால்ஃப் பிரெஸ்டின் பெயரையாவது சொல்லாமல் போக மனமில்லை. அவருடைய 1854-ஆம் வருஷத்துக் கல்லச்சு ‘மரணத்தின் நகைச்சுவை’யில் முறுக்கிய மரங்கள் எங்கும் எலும்புக்கூடுகள், கிளை எது, எலும்பு எது என்று தேடிக்கொண்டே இருக்கலாம்.

அதே பிரான்ஸில்தான் எல்லாவற்றுக்கும் சிகரம் நடந்தது. பாரிஸுக்குத் தெற்கே ஃபோன்டேன்ப்ளோ காடு. அதன் ஓரத்து பார்பிஸோன் கிராமத்தில் தியோடோர் ரூஸோ (1812–1867) என்ற ஓவியர்; தத்துவ அறிஞருக்கு இவர் உறவில்லை. அந்தக் காட்டின் ஓக் மரங்கள் அவருக்குத் தனித்தனி ஆட்கள். அவற்றை வரிசையாக வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்து 1847-இல் ஒரு ஓவியம் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மாசற்றவர்களின் படுகொலை’. ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொன்ற பைபிள் கதையின் பெயர் அது! படத்தில் குழந்தைகள் இல்லை. கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கும் மரங்கள் மட்டும். 1852-இல் அரசின் மேலிடத்துக்கே மனுப் போட்டார்.

காட்டுக்குள் வேறு சில கைகளும் வேலை செய்துகொண்டிருந்தன. நெப்போலியனின் பழைய சிப்பாய் தெனெகூர் நடைபாதைகள் போட்டு, பெரிய மரங்களுக்குப் பெயர் சூட்டி, வழிகாட்டி நூல்கள் அச்சிட்டு, பாரிஸ்காரர்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்தார். கோரோ, டோபின்யி போன்ற ஓவியர்கள் கண்ணாடித் தகட்டில் கறுப்புப் பூச்சைக் கீறி, அதைப் புகைப்படத் தாள்மேல் வைத்து வெயிலில் காட்டி மரங்களை அச்செடுத்தார்கள். எந்த வெயிலில் மரம் வளர்ந்ததோ அதே வெயிலே அதன் படத்தையும் அச்சடித்துக் கொடுத்தது!

1853-இல் அந்தக் காட்டின் 624 ஹெக்டேரில் மரம் வெட்டுவதை நிறுத்தினார்கள். 1861-இல் பேரரசரின் ஆணையே வந்தது: 1,097 ஹெக்டேர், கலையின் பொருட்டுக் காக்கப்படும் காடு. அமெரிக்கா யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1872-இல். அதற்குப் பதினோரு வருஷம் முன்னால், அழகாக இருக்கிறது, ஓவியர்களுக்கு வேண்டும் என்பதற்காகவே ஓர் அரசு கோடாரியைக் கீழே வைத்திருக்கிறது! ஆணை வந்த அதே 1861-இல் ரூஸோ செப்புத்தகட்டில் ஒரு சின்ன எச்சிங் செய்தார். பாறைகளைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஃபோன்டேன்ப்ளோவின் ஓக் மரங்கள்தான் அதில் இருப்பவை.